வரைபடம் கிடைத்துவிட்டது, அப்புறம்?

2024 அக்டோபர் 2-ஆம் தேதி, வளர்ந்த பெண் பழ ஈ ஒன்றின் மூளை முழுவதற்குமான இணைப்பு வரைபடம் நேச்சர் இதழில் ஒன்பது கட்டுரைகளாக வெளியானது. 1,39,255 நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள்; அவற்றுக்கிடையே செய்தி கைமாறும் சந்திப்புகளான சினாப்ஸ்கள் ஐந்து கோடிக்கும் மேல். சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 9 அன்று, வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டது. பாதிப் பரிசு, புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு. மீதிப் பாதி, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலுக்காக டெமிஸ் ஹஸாபிஸுக்கும் ஜான் ஜம்ப்பருக்கும்.

ஒன்று நரம்பியல் செய்தி, மற்றது செயற்கை நுண்ணறிவுச் செய்தி என்று பிரித்துப் போட்டார்கள். எனக்கு என்னவோ இரண்டும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்களாகத்தான் படுகின்றன. இரண்டிலும் பல பத்தாண்டுகளாக முடியாது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு படம் கையில் வந்துவிட்டது. இரண்டிலும் அந்தப் படம் அசையாமல் நிற்கிறது. அந்த அசையாத தன்மையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் ஈயின் மூளைக்குள் நான் நுழைந்தது பின்வாசல் வழியாக. இவ்வளவு பெரிய தரவை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று பார்க்கப் போய், மாட்டிக்கொண்டேன்.

அந்த மூளை ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாதது. அதை 40 நானோமீட்டர் தடிமனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்களாகச் சீவி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சுமார் 2 கோடியே 10 லட்சம் படங்கள் எடுத்தார்கள். ஒரு படத்தைத் திறந்து பார்த்தால் மூளை என்று சொல்ல அதில் எதுவுமில்லை. சாம்பல் நிறத்தில் ஒழுங்கற்ற திட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. ஒவ்வொரு திட்டும் எங்கோ போகிற ஒரு நரம்பிழையின் குறுக்குவெட்டு. அடுத்த சீவலில் அதே திட்டு கொஞ்சம் நகர்ந்திருக்கும், கொஞ்சம் சுருங்கியிருக்கும், சில இடங்களில் இரண்டாகப் பிரிந்திருக்கும். எந்தத் திட்டு எந்தத் திட்டின் தொடர்ச்சி என்று ஏழாயிரம் சீவல்களுக்கும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வேலை அவ்வளவுதான்.

முதல் சுற்றை இயந்திரம் செய்தது. ஆனால் இயந்திரம் இரண்டு வகையில் தவறும். வெவ்வேறு நியூரான்களை ஒன்றாக ஒட்டிவிடும், அல்லது ஒரே நியூரானைத் துண்டு துண்டாக விட்டுவிடும். ஒட்டிய தவறைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. முப்பரிமாண உருவத்தைத் திருப்பிப் பார்க்கும்போது ஒரே நியூரானுக்கு இரண்டு செல் உடல்கள் இருந்தால், எங்கோ தப்பு நடந்திருக்கிறது. வெட்டிய தவறு வேறு மாதிரி: நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கிளை காரணமே இல்லாமல் நட்ட நடுவில் மொட்டையாக முடியும். பெரும்பாலும் அந்த இடத்துச் சீவல் மடிந்தோ கறைபட்டோ போயிருக்கும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாலா மூர்த்தி, செபாஸ்டியன் சியுங் இருவரின் குழுக்களும், கேம்பிரிட்ஜில் கிரெகரி ஜெஃப்ரிஸின் குழுவும், உலகம் முழுக்க இருந்த மற்ற ஆய்வகங்களும், எந்த ஆய்வகத்தையும் சேராத தன்னார்வலர்களும் சேர்ந்து இதை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். மொத்த உழைப்பு சுமார் 33 மனித ஆண்டுகள் என்று கட்டுரையிலேயே கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு சாதித்தது என்று தலைப்புப் போட்ட எவரும் இந்த 33 ஆண்டுகளைச் சொல்லவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

இந்த வேலையில் என்னை அதிகம் திகைக்க வைத்த இடம் ஒன்று உண்டு, அது செய்திகளில் அவ்வளவாக வரவில்லை. ஒரு சினாப்ஸில் என்ன வேதிப்பொருள் வெளியாகிறது என்பது எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் எழுதியிருக்காது. அசிட்டைல்கோலினா, காபாவா, குளுட்டமேட்டா என்று ஈயின் சினாப்ஸைப் பார்த்து மனிதக் கண்ணால் நம்பகமாகச் சொல்ல முடியாது. ஆனால் வேறு சோதனைகளால் ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்த நியூரான்களின் சினாப்ஸ் படங்களைக் காட்டி ஒரு நரம்புவலை மாதிரியைப் பயிற்றுவித்தபோது, அது ஆறு வேதிப்பொருள்களில் எது என்று சொல்ல ஆரம்பித்தது. தனித்தனி சினாப்ஸுக்கு 87 சதவீதம் சரி. ஒரு நியூரானின் சினாப்ஸ்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 94 சதவீதம். அதாவது மூலக்கூறு பற்றிய தகவல் அந்தச் சாம்பல் திட்டுகளுக்குள் இத்தனை காலமும் இருந்திருக்கிறது, நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. இது ஏன் வெறும் துணுக்குச் செய்தி இல்லை என்றால், ஒரு இணைப்பு அடுத்த நியூரானைத் தூண்டுகிறதா அடக்குகிறதா என்பது இந்த வேதிப்பொருளையும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியையும் பொறுத்தது. அது தெரியாவிட்டால் கையில் இருப்பது கூட்டலா கழித்தலா என்று குறிக்காத ஒரு கணக்குத்தாள்.

சரி, புரதத்தின் பக்கம் வருவோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. அந்தச் சங்கிலி மடிந்து ஒரு வடிவத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும். வடிவத்துக்கான செய்தி வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டியதற்காக கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 1972-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் வரிசையிலிருந்து வடிவத்தை எப்படிக் கணக்கிடுவது? சாத்தியமான மடிப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தால் பிரபஞ்சத்தின் வயதுகூடப் போதாது என்று 1969-ல் சைரஸ் லெவிந்தால் சொல்லிவிட்டார். எந்த மடிப்புக் கோணங்கள் சாத்தியம், எவை அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதால் சாத்தியமில்லை என்று அதற்கு முன்பே, 1963-ல், ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் வரைந்து காட்டியிருந்தார்கள். இன்று கணினி கக்கும் வடிவங்களும் சரியாக இருக்கின்றனவா என்று அந்த ராமச்சந்திரன் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அறுபது வருடம் தாண்டி அன்றாடப் புழக்கத்தில் இருக்கும் ஒரு படம்!

ஆல்ஃபாஃபோல்ட் இயற்பியலிலிருந்து வடிவத்தைக் கணக்கிடவில்லை. அதன் கைவசம் இருந்தவை இரண்டு. ஒன்று, 1971-ல் வெறும் ஏழு வடிவங்களோடு தொடங்கி, பல்லாயிரம் ஆய்வாளர்கள் சோதனை செய்து சேர்த்துவைத்த புரத வடிவங்களின் பொதுக் களஞ்சியம். இன்னொன்று பரிணாமம். ஒரே புரதத்தைப் பல நூறு உயிரினங்களிலிருந்து எடுத்து வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், 30-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறும்போதெல்லாம் 85-ஆம் இடமும் சேர்ந்து மாறுவது தெரியவரலாம். அந்த இரண்டும் சங்கிலியில் தூரமாக இருந்தாலும் மடிந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, அதனால்தான் ஒன்றுக்காக மற்றது வளைந்து கொடுக்கிறது. 2020-ல் நடந்த கணிப்புப் போட்டியில் ஆல்ஃபாஃபோல்ட் மற்ற எல்லாரையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. 2022-ல் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்புகளை யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டார்கள்.

எனக்கு அந்தத் தளத்தில் பிடித்த விஷயம் அதன் நேர்மை. ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறது என்பதை நிறத்தில் காட்டிவிடும். கருநீலம் என்றால் தைரியமாக நம்பலாம். ஆரஞ்சு என்றால் நம்ப வேண்டாம். அதில் டௌ என்ற புரதத்தைத் தேடிப் பாருங்கள். அல்ஸைமர் நோயில் நியூரான்களுக்குள் முடிச்சு முடிச்சாகச் சேர்வது இதுதான். திரையில் வருவது பெரும்பாலும் ஆரஞ்சு நிற நூல்கண்டு, நாலாபக்கமும் கலைந்து கிடக்கும். பார்த்ததும் மென்பொருள் கோளாறு என்று தோன்றும். கோளாறு இல்லை. நல்ல நிலையில் இருக்கும் டௌவுக்கு நிலையான வடிவம் என்று ஒன்று கிடையாது. அது நெகிழ்ந்து அலைந்துகொண்டு, நரம்பிழைக்குள் இருக்கும் நுண்குழல்களைப் பிடித்துக்கொள்கிறது. வடிவமில்லாமல் இருப்பதே அதன் இயல்பு.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. 2017-ல் கேம்பிரிட்ஜ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் மிஷேல் கோடெர்ட், ஷோர்ஸ் ஷெரெஸ் குழுவினர், அல்ஸைமர் நோயால் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து டௌ இழைகளைப் பிரித்தெடுத்து, உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஏறத்தாழ அணு அளவுத் துல்லியத்தில் பார்த்தார்கள். வடிவமில்லாத புரதம் அங்கே ஆங்கில சி எழுத்துப் போல மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு, டௌ சேரும் இன்னொரு மூளை நோயான பிக் நோய் வந்த ஒருவரின் மூளையில் பார்த்தால் மடிப்பு வேறு. 2019-ல், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் மூளைச் சிதைவில் பார்த்தார்கள். அங்கேயும் சி போன்ற வடிவம்தான், ஆனால் வாய் இன்னும் அகலமாகத் திறந்திருந்தது. உள்ளே ஒரு சிறு குழிவு, அந்தக் குழிவில் டௌ அல்லாத ஏதோ ஒரு பொருள் அகப்பட்டிருந்ததற்கான தடயம். பிறகு இன்னொரு நோயில் நான்கு அடுக்கு மடிப்பு.

மனித மூளையில் டௌ ஆறு வகைகளில் இருக்கிறது; பிக் நோயில் சேர்வது அவற்றில் மூன்று மட்டும் என்பதால் அந்த வேறுபாட்டைக்கூட வரிசையின் மேல் போட்டுவிடலாம். ஆனால் அல்ஸைமரிலும் அடிபட்ட மூளையிலும் சேர்வது அதே ஆறு வகைகள். வரிசை ஒன்று, மடிப்பு இரண்டு. அதே நோய் வந்த வெவ்வேறு ஆட்களின் மூளையிலோ மடிப்பு அப்படியே ஒத்துப்போகிறது. போதாக்குறைக்கு, ஆய்வகத்தில் ஹெப்பாரின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து டௌவை இழையாக்கினால் கிடைத்த வடிவங்கள் மூளையில் கண்ட எதனோடும் பொருந்தவில்லை. பல வருடங்களாக அந்தச் சோதனைக்குழாய் இழைகளை வைத்துத்தான் பலர் மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. வடிவத்துக்கான செய்தி வரிசையில் இருக்கிறது என்ற ஆன்ஃபின்சனின் பாடம் பெரும்பாலான புரதங்களுக்குப் பொருந்தும். டௌ விஷயத்தில் பாதிச் செய்தி சுற்றுப்புறத்தில் இருக்கிறது: எந்த செல், பக்கத்தில் என்ன மூலக்கூறு, எத்தனை வருடமாக.

இப்போது மூளை வரைபடத்துக்குத் திரும்பினால், அங்கேயும் இதே சங்கதி. மண்ணில் வாழும் சி. எலிகன்ஸ் என்ற புழுவுக்கு இந்த வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. 302 நியூரான்கள். ஜான் வைட், சிட்னி பிரென்னர் குழுவினர் பல ஆண்டுகள் கையாலேயே தடம் பிடித்து வரைந்தது. முழு வயரிங்கும் கையில் இருந்தும், அடுத்து அந்தப் புழு என்ன செய்யும் என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியவில்லை. 2023-ல் பிரின்ஸ்டனில் ஆண்ட்ரூ லைஃபரின் குழு வேறு வழியில் போனது. உயிருள்ள புழுவில் ஒவ்வொரு நியூரானாக ஒளியால் தூண்டி, மற்றவற்றில் எது எப்படிப் பதில் சொல்கிறது என்று நேரடியாக அளந்தார்கள். கிடைத்த சமிக்ஞை அட்டவணை வயரிங்கிலிருந்து எதிர்பார்த்ததோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. இணைப்பே இல்லாத நியூரான்களுக்கிடையிலும் செய்தி போய்க்கொண்டிருந்தது.

அந்தச் செய்தியில் ஒரு பங்கு நியூரோபெப்டைடுகள் வழியே போகிறது. இவை சிறிய புரதத் துண்டுகள். சினாப்ஸைத் தேடிப் போவதில்லை. வெளியே கசிந்து பரவி, பொருத்தமான ஏற்பி எங்கே இருக்கிறதோ அங்கே வேலை செய்யும். அதே 2023-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, எந்த நியூரான் எந்தப் பெப்டைடை உருவாக்குகிறது, எது அதற்கான ஏற்பியை வைத்திருக்கிறது என்ற தகவல்களைச் சேர்த்து, வயர் இல்லாத ஒரு இரண்டாவது வரைபடத்தைப் போட்டுக் காட்டியது. சினாப்ஸ் வரைபடத்தைவிட அது எத்தனையோ மடங்கு அடர்த்தி. சினாப்ஸ் வரைபடத்தில் ஓரமாக, யாரோடும் அதிகம் சேராமல் இருந்த சில நியூரான்கள் இந்த வரைபடத்தில் மைய நாயகர்கள்!

என் பார்வையில் இரண்டு துறைகளும் உண்மையிலேயே கைகோர்க்கிற இடம் இதுதான். வயர் இல்லாத இணைப்பை நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. ஒரு பெப்டைடு ஒரு ஏற்பியில் பொருந்துமா, பொருந்தினால் அந்த ஏற்பி எந்த நிலைக்கு மாறும் என்ற மூலக்கூறுக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இந்தப் பெப்டைடு வரைபடத்தில் கோடு போட முடியும். மூளையின் வரைபடத்தை முடிக்க வேண்டுமானால் புரத வடிவம் தெரிய வேண்டும். டௌ எப்படி மடியும் என்று சொல்ல வேண்டுமானால் அது எந்த நியூரானில், எந்தச் சூழலில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இப்படிச் சொல்லும்போது எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஈயின் வரைபடத்தோடு வந்த கட்டுரைகளில் ஒன்றில், ஃபிலிப் ஷியூவும் சகாக்களும் மொத்த மூளையையும் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். நியூரான்கள் அத்தனையும் ஒரே அச்சு. வருகிற சமிக்ஞையைக் கூட்டும், எல்லையைத் தாண்டினால் வெடிக்கும், அதாவது ஒரு மின்துடிப்பை அனுப்பும், இல்லாவிட்டால் மெல்ல வடியும். உள்ளே கொடுத்தது இணைப்புகளும், வேதிப்பொருள் கணிப்பும் மட்டுமே. பெப்டைடு இல்லை, ஏற்பி வகை இல்லை. இதில் சர்க்கரையை உணரும் நியூரான்களைத் தூண்டினால், ஈ தன் உறிஞ்சுகுழலை நீட்டப் பயன்படுத்தும் நியூரான்கள் சரியாக எழுந்தன. கணிப்புகளை உயிருள்ள ஈக்களில் சோதித்தபோது பெரும்பாலானவை பலித்தன. வயரிங் மட்டும் போதாது என்று ஒரேயடியாகச் சாதிப்பவர்களுக்கு இது நல்ல சூடு.

ஆனால் சர்க்கரைக்கு நாக்கை நீட்டுவது வேகமான, குறுகிய பாதை. அவ்வளவு சீக்கிரத்தில் முடிகிற காரியத்தில் பெப்டைடுகளுக்குப் பெரிய வேலை இருக்காது என்பது என் ஊகம். அதே ஈ வயிறு நிறைந்திருக்கும்போது அதே சர்க்கரையை ஏன் கண்டுகொள்வதில்லை என்று கேட்டால், அதே வயரிங் வேறு பதில் சொல்ல வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் ஈவ் மார்டர் நண்டின் வயிற்று நரம்புமுடிச்சில் இதைப் பல்லாண்டு காலம் காட்டி வந்திருக்கிறார். அங்கே சுமார் 30 நியூரான்கள்தான். அவற்றின் மேல் ஊற்றும் பெப்டைடை மாற்றினால் அதே சுற்று வேறு தாளம் போடும். அவரும் சகாக்களும் 2004-ல் வெளியிட்ட கணினி ஆய்வு இன்னும் கூர்மையானது. மூன்று செல் கொண்ட ஒரு சுற்றை, இணைப்பின் வலிமைகளையும் செல்களின் பண்புகளையும் மாற்றி மாற்றி இரண்டு கோடிக்கும் அதிகமான விதங்களில் ஓட்டினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவுகள் ஏறக்குறைய ஒரே தாளத்தைத் தந்தன. மென்பொருள்காரனான எனக்கு இந்தக் கட்டுரை வயிற்றில் புளியைக் கரைத்தது. வெளியீட்டைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவும் முடியாது, சுற்றின் அமைப்பைப் பார்த்து என்ன வெளியே வரும் என்று சொல்லவும் முடியாது என்றால் எங்கே போவது?

அசைவைக் கணினியில் பிடிக்கலாமே என்று கேட்கலாம். பிடிக்கிறார்கள், ஆனால் காலக் கணக்கு குறுக்கே நிற்கிறது. ஒரு புரதத்தின் அணுக்களை இயற்பியல் விதிப்படி நகர்த்த வேண்டுமானால் காலத்தில் எடுத்துவைக்கும் ஒவ்வொரு எட்டும் சுமார் இரண்டு ஃபெம்டோ நொடிதான் இருக்கலாம் (ஒரு ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). ஒரு நியூரான் ஒருமுறை வெடிக்க ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு மில்லி நொடி. வகுத்துப் பார்த்தால் 50,000 கோடி எட்டுகள், அதுவும் ஒரே ஒரு புரதத்துக்கு. இதற்கென்றே தனியாகக் கட்டிய ஆன்டன் என்ற கணினியில், 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு சிறிய புரதத்தை ஒரு மில்லி நொடி ஓட்டிக் காட்டியதே பெரிய சாதனை. டௌ முடிச்சுப் போடுவதற்கு ஆகும் ஆண்டுகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கவே தேவையில்லை. அதனால் இப்போது சிலர் எட்டுவைப்பதையே விட்டுவிட்டார்கள். 2025-ல் வந்த பயோஎமு என்ற மாதிரி, 200 மில்லி நொடிகளுக்கும் மேலான இத்தகைய ஓட்டங்களிலிருந்து கற்றுக்கொண்டு, ஒரு புரதம் எடுக்கக்கூடிய பல நிலைகளை நேரடியாகவே உருவாக்கித் தருகிறது. ஒரு படத்துக்குப் பதில் ஒரு கொத்துப் படங்கள். எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில் ஒன்று இன்னொன்றாக மாறும் என்பதை அது சொல்லாது.

மூளைப் பக்கத்திலும் படத்துக்கு அசைவைச் சேர்க்கும் முயற்சி 2025 ஏப்ரலில் வந்தது. ஒரு கன மில்லிமீட்டர் மூளைத் திசுவின் துல்லியமான வயரிங்கையும் அதன் நியூரான்கள் வெடிக்கும் விதத்தையும் கேட்பது நடக்காத காரியம் என்று 1979-ல், டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் எழுதியிருந்தார். கிட்டத்தட்ட அதையேதான் செய்தார்கள். விழித்திருக்கும் சுண்டெலிக்குக் காணொளிகளைக் காட்டி, பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியான பார்வைப் புறணியில் சுமார் 75,000 நியூரான்களின் செயல்பாட்டைப் பதிவு செய்துவிட்டு, அதே இடத்தை வெட்டியெடுத்துச் சீவி வரைந்தார்கள். சுமார் 2 லட்சம் செல்கள், 52 கோடிக்கும் மேற்பட்ட சினாப்ஸ்கள். ஒரே மாதிரிக் காட்சிக்கு எழும் நியூரான்கள், பக்கத்தில் இருப்பதால் மட்டும் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாகத் தங்களுக்குள் இணைந்திருந்தன. கிரிக் இதைப் பார்க்க உயிரோடு இல்லை.

எல்லாம் சரி, அந்த 52 கோடியிலும் எந்த ஏற்பி எங்கே இருக்கிறது என்று தெரியாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் சாபம் அது. எல்லாமே சாம்பல் நிறம். அதனால்தான் இந்த எண்களைவிட, அடுத்த மாதம் ஆஸ்திரியாவின் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து யோஹான் டான்ஸ்லின் குழு கூகுளோடு சேர்ந்து வெளியிட்ட லைகான் முறையை நான் கூடுதல் ஆர்வத்தோடு படித்தேன். அதில் சீவலும் இல்லை, எலெக்ட்ரானும் இல்லை. மூளைத் திசுவை ஒரு ஜெல்லுக்குள் பதித்து, ஒவ்வொரு திசையிலும் சுமார் 16 மடங்கு ஊதவைத்து, சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே நரம்பிழைகளைத் தடம் பிடிக்கிறார்கள். ஒளி என்பதால் நிறம் உண்டு. குறிப்பிட்ட புரதங்களுக்கு வண்ணம் ஏற்றி, எந்த சினாப்ஸில் எது இருக்கிறது என்று அதே படத்தில் பார்க்கலாம். இப்போதைக்கு அவர்கள் செய்திருப்பது சுண்டெலி மூளையின் ஒரு துளித் துண்டு, ஒரே சமயத்தில் காட்டக்கூடிய புரதங்களும் சில மட்டுமே. பெப்டைடு ஏற்பிகளில் ஒரு பத்துப் பன்னிரண்டையாவது இந்த முறையில் சேர்த்துக் காட்டிவிட்டால், 1986-லிருந்து புழு வரைபடத்தை வைத்துக்கொண்டு திணறுகிற காரணங்களில் ஒன்றை பாலூட்டி மூளையில் நேரடியாகச் சோதிக்க முடியும். நான் அடுத்துக் காத்திருப்பது அந்தக் கட்டுரைக்கு.